பவர் ஏறிக்கொண்டே போகிறது, நிற்கவே இல்லை: டிஸ்ட்ரிபியூட்டட் பவர் கன்ட்ரோல் சிமுலேஷன், உதவி தேவை

அலைவரிசை22:
வணக்கம் நண்பர்களே. வெள்ளிக்கிழமை கைடிடம் ரிசல்ட் காட்டவேண்டும். மூன்று நாளாக இதே இடத்தில் நிற்கிறேன்.

10 டிரான்ஸ்மிட்டர்-ரிசீவர் ஜோடிகள், எல்லாம் ஒரே அலைவரிசையில். நடுவில் உட்கார்ந்து யாரும் கட்டளை போடுவதில்லை. ஒவ்வொரு ஜோடியும் தன் எஸ்ஐஎன்ஆரை (வரும் சிக்னல் ÷ மற்றவர்களின் குறுக்கீடும் இரைச்சலும் சேர்ந்தது) மட்டும் அளந்து தன் பவரைத் திருத்திக்கொள்ளும். எல்லோரும் பயன்படுத்தும் அதே ஃபார்முலாதான்: புதிய பவர் = பழைய பவர் × இலக்கு ÷ அளந்த எஸ்ஐஎன்ஆர். கொஞ்ச சுற்றிலேயே ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடும் என்று படித்தேன். எனக்கு ஏறிக்கொண்டே போகிறது. 200 சுற்று ஓடவிட்டால் கிட்டத்தட்ட 15 இலக்கம் கூடிவிடுகிறது. உச்ச வரம்பு போட்டால் 4 ஜோடிகள் அந்த வரம்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன, அவற்றுக்கு இலக்கும் கிடைப்பதில்லை.

கோடைப் பலமுறை பார்த்துவிட்டேன், ஃபார்முலாவில் தப்பு இல்லை. எங்கே பிரச்சினை?

தாமரைக்குளம்:
இலக்கு எவ்வளவு? ஜோடிகளை எப்படி இடம் போட்டீர்கள்? கெயின், அதாவது அனுப்பிய பவரில் ரிசீவரை வந்தடையும் பங்கு, எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? நாய்ஸ் (ரிசீவரின் சொந்த இரைச்சல்) எவ்வளவு? இவை தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மின்காந்தம்:
கெயின் மேட்ரிக்ஸைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரிசை ரிசீவரா, டிரான்ஸ்மிட்டரா? நான் பார்த்த பவர் கன்ட்ரோல் தவறுகளில் பெரும்பாலும் இதுதான். குறுக்கீட்டைக் கூட்டும்போது வரிசையாகக் கூட்டவேண்டியதை நெடுவரிசையாகக் கூட்டினால் எல்லாம் குழம்பிவிடும்.

இரவுப்பறவை:
எல்லா ஜோடியும் ஒரே நேரத்தில் மாற்றுகிறதா? அதுதான் காரணமாக இருக்கும். ஒருவர் ஏற்ற, மற்றவர் அதைப் பார்த்து ஏற்ற, சண்டை மாதிரி போகும். ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் பாதி பழைய பவர், பாதி புதிய பவர் என்று கலந்து மெதுவாக நகர்த்துங்கள்.

அலைவரிசை22:
இலக்கு 7 டெசிபெல், பேப்பரில் உள்ளபடிதான். 500 மீட்டர் சதுரத்துக்குள் ராண்டமாக இடம், தூரத்தின் நான்காம் அடுக்கில் சிக்னல் தேயும். வரிசை ரிசீவர், சரியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், அப்போதும் ஏறுகிறது. பாதி-பாதி கலந்தால் மெதுவாக ஏறுகிறது, அவ்வளவுதான்.

பழைய ஆண்டெனா:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று தேடிப் பார்த்திருக்கலாம். இது 1993-இல் ஃபோஸ்கினியும் மில்யானிச்சும் கொடுத்த முறை. அவர்கள் கொடுத்தது ஃபார்முலா மட்டுமல்ல, ஒரு நிபந்தனையும்தான். அந்த இலக்கை எல்லா ஜோடியும் ஒரே நேரத்தில் அடைய ஏதாவது ஒரு பவர் தொகுப்பு இருக்கவேண்டும். இருந்தால் இந்த முறை அதைக் கண்டுபிடிக்கும். இல்லையென்றால் பவர் முடிவில்லாமல் ஏறும். உங்களுக்கு நடப்பது இரண்டாவது. நிபந்தனையைப் படிக்காமல் ஃபார்முலாவை மட்டும் எடுத்துக்கொண்டு கோட் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

ஒன்றாக மாற்றினாலும் தனித்தனியாக மாற்றினாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான் என்பதை யேட்ஸ் 1995-இலேயே பொதுவாக நிரூபித்துவிட்டார். வரிசையை மாற்றச் சொல்பவர்களும் அதை ஒருமுறை படிக்கலாம்.

இரவுப்பறவை:
படிக்கிறேன். ஆனால் கேட்டவருக்கு அந்த நிபந்தனை என்ன என்றும் சொல்லியிருக்கலாமே ஐயா.

தாமரைக்குளம்:
நான் சொல்கிறேன். இரண்டே ஜோடியை எடுத்துக்கொள்வோம். சொந்த கெயின் இரண்டுக்கும் 1, குறுக்கு கெயின் (அடுத்தவரின் டிரான்ஸ்மிட்டரிலிருந்து வருவது) 0.1, நாய்ஸ் 0.01. இரண்டும் ஒரேமாதிரி, அதனால் பவரும் ஒன்றே. இலக்கு 5 என்றால்:

பவர் = 5 × (0.1 × பவர் + 0.01) = 0.5 × பவர் + 0.05

விடை 0.1. இலக்கை 8 ஆக்கினால் 0.8 × பவர் + 0.08, விடை 0.4. இலக்கு 9.9 என்றால் விடை 9.9. இலக்கு 5-இலிருந்து 9.9, அதாவது இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பவர் 99 மடங்காகிவிட்டது. இலக்கு 10 என்றால் வலப்பக்கம் 'பவர் + 0.1' ஆகிவிடும், விடையே கிடையாது. அதற்கு மேல் எவ்வளவு பவர் கொட்டினாலும் ஒவ்வொருவரும் அடுத்தவரின் குறுக்கீட்டைத்தான் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

அந்த 0.5, 0.8, 0.99 தான் முக்கியமான எண். ஜோடிகள் அதிகமானால் அது ஒரு மேட்ரிக்ஸின் மிகப்பெரிய ஐகன் மதிப்பு (அந்த மேட்ரிக்ஸால் திரும்பத் திரும்பப் பெருக்கினால் ஒவ்வொரு முறையும் எத்தனை மடங்காகும் என்ற எண்). மேட்ரிக்ஸில் ஒவ்வொரு இடத்திலும் இலக்கு × குறுக்கு கெயின் ÷ அந்த ரிசீவரின் சொந்த கெயின், மூலைவிட்டத்தில் பூஜ்யம். ஐகன் மதிப்பு 1-க்குக் கீழே இருந்தால் நிற்கும், இல்லையென்றால் நிற்காது. கவனியுங்கள், இதில் நாய்ஸ் வரவே இல்லை. நாய்ஸை 10 மடங்காக்கினால் எல்லாப் பவரும் 10 மடங்காகும், ஆனால் முடியுமா முடியாதா என்பது மாறாது.

மேட்ரிக்ஸைத் திருப்பிப் போட்டதாக மின்காந்தம் சொல்வதும் இங்கே காரணமாக இருக்க முடியாது. திருப்பிப் போட்டாலும் அந்த ஐகன் மதிப்பு அதேதான். டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் இடம் மாற்றி வைத்த நெட்வொர்க் அது. நேராக வைத்து நிற்கும் என்றால் திருப்பி வைத்தாலும் நிற்கும்.

மின்காந்தம்:
அப்படியா? இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிதான். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். யாருக்கு எவ்வளவு பவர் என்பது தப்பாகிவிடும். எல்லா ரிசீவருக்கும் நாய்ஸ் ஒன்றே என்றால் மொத்தப் பவர்கூட இரண்டிலும் ஒன்றாகவே வருகிறது. அதனால் மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தப்பு தெரியவே தெரியாது. அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எதற்கு இந்த இலக்கு முறை? ஆளுக்கு ஒரு நிலையான எஸ்ஐஎன்ஆர் வேண்டும் என்பது குரல் அழைப்புகளின் காலத்துத் தேவை. இப்போது எல்லாம் டேட்டா. எல்லோருடைய டேட்டா வேகத்தையும் கூட்டி, அந்த மொத்த வேகத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகும் முறையை எழுதுங்கள், கைடும் பாராட்டுவார்.

பழைய ஆண்டெனா:
மொத்த வேகம் என்பது குவிவான சிக்கல் அல்ல, அதாவது ஏறிக்கொண்டே போனால் உண்மையான உச்சம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஜோடிகள் பெருகும்போது அது என்பி-கடினம் (வேகமாகத் தீர்க்கும் பொது வழி எதுவும் தெரியாத வகை) என்று லுவோவும் ஜாங்கும் 2008-இல் காட்டினார்கள். கேட்டவர் 10 ஜோடிக்கு ஒரு எளிய முறையையே நிறுத்த முடியாமல் தவிக்கிறார், அவரை அந்தப் பக்கம் அனுப்புகிறீர்கள்.

மின்காந்தம்:
கடினம் என்பதற்காக யாரும் விட்டுவிடவில்லை. எடையிட்ட எம்எம்எஸ்இ (சராசரி வர்க்கப் பிழையைக் குறைக்கும்) முறை இருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் எளிய கணக்குதான், ஓர் உள்ளூர் உச்சத்துக்காவது கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பழைய ஆண்டெனா:
அதற்கு ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரும் மற்ற ரிசீவர்களுக்குத் தான் எவ்வளவு தொல்லை தருகிறது என்று தெரிந்துகொள்ளவேண்டும். அந்தத் தகவலை யாராவது சுமந்து வரவேண்டும். இலக்கு முறையில் சொந்த ரிசீவர் சொல்லும் ஒரே ஒரு எண் போதும். டிஸ்ட்ரிபியூட்டட் என்ற சொல்லுக்கு முழு அர்த்தத்தோடு பொருந்துவது இதுதான். 2ஜி காலத்து ஐஎஸ்-95-இல் நொடிக்கு 800 முறையும் 3ஜி-யின் டபிள்யூசிடிஎம்ஏ-வில் 1500 முறையும் 'ஏற்று, இறக்கு' என்ற கட்டளை ஓடியது. அவ்வளவு வேகத்தில் ஓட முடிந்ததற்குக் காரணமே ஒவ்வொரு கட்டளையும் அவ்வளவு சிறியது என்பதுதான்.

மின்காந்தம்:
எல்டிஇ-யில் (4ஜி) அந்த வேகம் தேவைப்படவில்லையே. ஒரே செல்லுக்குள் (ஒரு கோபுரத்தின் எல்லைக்குள்) ஆளுக்கு வேறு வேறு துணை அலைகள், அதனால் பக்கத்தில் இருப்பவர் தூரத்தில் இருப்பவரை அமுக்கிவிடும் தொல்லை குறைந்தது. பாதை இழப்பில் ஒரு பங்கை மட்டும் ஈடுசெய்தால் போதும் என்று வைத்தார்கள். செல் ஓரத்தில் இருப்பவர் முழு இலக்கையும் பிடிக்கக் கத்தினால் பக்கத்து செல்லுக்குத்தான் கேடு. உங்கள் இலக்கு முறை அந்தக் கத்தலைத்தான் கற்றுக்கொடுக்கிறது.

இரவுப்பறவை:
இங்கே எனக்கு ஒன்று உறுத்துகிறது. இரண்டே ஜோடி என்றால், மொத்த வேகத்தின் உச்சம் எப்போதும் மூலைகளில்தான் இருக்கும்: ஒவ்வொருவரும் முழுப் பவர் அல்லது பூஜ்யம். குறுக்கீடு பலமாக இருந்தால் ஒருவரை முழுதாக அணைத்துவிடுவதுதான் 'சிறந்த' விடை. அணைக்கப்பட்டவர் என்ன செய்வார்? எல்லோருக்கும் கொஞ்சமாவது கிடைக்கவேண்டும் என்று நினைப்பவருக்கு மொத்த வேகம் ஒரு நல்ல அளவுகோல் இல்லை.

மின்காந்தம்:
எடைகள் எதற்கு இருக்கின்றன? இந்த முறை அணைக்கப்பட்டவருக்கு அடுத்த முறை எடையைக் கூட்டினால் அவருடைய முறை வரும்.

தாமரைக்குளம்:
இரண்டு பேரும் நல்ல விஷயம்தான் பேசுகிறீர்கள், தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். கேட்டவருக்கு இன்னும் விடை வரவில்லை.

அலைவரிசை22, ஒன்று செய்யுங்கள். உச்ச வரம்பை எடுத்துவிட்டு, எல்லோரையும் ஒன்றாக மாற்றும் பழைய முறையிலேயே ஓடவிடுங்கள். கடைசிச் சுற்றுகளில் ஒவ்வொரு ஜோடியின் பவரையும் அதன் முந்தைய சுற்றுப் பவரால் வகுங்கள். எல்லா ஜோடிக்கும் ஒரே எண் வரவேண்டும். அதை இங்கே போடுங்கள்.

அலைவரிசை22:
ஆமாம், எல்லாவற்றுக்கும் 1.19. எப்படித் தெரிந்தது?

தாமரைக்குளம்:
அதுதான் அந்த மிகப்பெரிய ஐகன் மதிப்பு. ஏறுமுகத்தில் நாய்ஸ் ஒரு பொருட்டே இல்லாமல் போய்விடும், ஒவ்வொரு சுற்றும் அந்த மேட்ரிக்ஸால் பெருக்குவது மட்டும்தான் மிஞ்சும். அதனால் எல்லாப் பவரும் ஒரே விகிதத்தில் வளரும். 1.19-ஐ 200 முறை பெருக்கிப் பாருங்கள், நீங்கள் சொன்ன 15 இலக்கம் அதில் வந்துவிடும்.

எல்லோருக்கும் ஒரே இலக்கு என்பதால் இந்த மதிப்பு இலக்கோடு நேர்விகிதத்தில் ஏறி இறங்கும். டெசிபெல் ஒரு மடக்கை அளவு, 7 டெசிபெல் என்றால் விகிதமாக 5.01. ஓடுவது 5.01 என்றால், இந்த அமைப்பில் கிடைக்கக்கூடிய உச்சம் 5.01 ÷ 1.19 = 4.21, அதாவது 6.2 டெசிபெல். 7 டெசிபெல் கிடைக்கவே கிடைக்காது, யாரையாவது நிறுத்தியாகவேண்டும்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் கோடில் ஓடுவது 5.01-தானா? அளந்த எஸ்ஐஎன்ஆர் சாதாரண விகிதம், அதன் மேலே இருக்கும் இலக்கு டெசிபெல் எண்ணாகவே இருந்தால் நீங்கள் உண்மையில் கேட்பது 7 மடங்கு, அதாவது 8.5 டெசிபெல். அப்படியானால் உச்சம் 7 ÷ 1.19 = 5.88, அதாவது 7.7 டெசிபெல். நீங்கள் கேட்கும் 7 டெசிபெல் அதற்குள் அடங்கிவிடும்.

வகுக்கும் வரிக்கு நேர் மேலே அந்த இலக்கை அச்சிட்டுப் பாருங்கள்.

அலைவரிசை22:
7.0 என்று வருகிறது.

அலைவரிசை22:
மாற்றிவிட்டேன். நின்றுவிட்டது!! எல்லா ஜோடிக்கும் 7 டெசிபெல். ஆனால் 35 சுற்றுக்கு மேல் ஆகிறது, இது சரியா?

தாமரைக்குளம்:
சரிதான். 1.19 ÷ 7 × 5.01 = 0.85. ஒவ்வொரு சுற்றிலும் பிழை 0.85 மடங்காகச் சுருங்கும், 100-இல் 1 பங்குக்குக் கீழே போகவே கிட்டத்தட்ட 30 சுற்று வேண்டும். பவரும் அதிகம்தான் செலவாகும். எல்லா ஜோடியும் ஒரேமாதிரி இருந்தால், குறுக்கீடே இல்லாத நிலையைவிட 6-7 மடங்கு. இலக்கை 5 டெசிபெலுக்கு இறக்கிப் பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது என்று. அந்த வித்தியாசத்தை ஒரு படமாகக் கைடிடம் காட்டுங்கள்.

பழைய ஆண்டெனா:
முதல் பதிவிலேயே இலக்கு எந்த அலகில் என்று எழுதியிருந்தால், அந்த வரியையும் ஒட்டியிருந்தால், பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இனிமேல் மாறியின் பெயரிலேயே அலகைச் சேர்த்து எழுதுங்கள். நான் இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறேன்.

அலைவரிசை22:
கண்டிப்பாக ஐயா. இன்னொரு கேள்வி. ராண்டம் இடங்களை மாற்றி ஓட்டினால் சில அமைப்புகளில் இப்போதும் ஏறுகிறது. டெசிபெல் சரியாகத்தான் இருக்கிறது.

தாமரைக்குளம்:
அவை உண்மையிலேயே முடியாத அமைப்புகள். எப்படி வருகிறது என்று ஒரு ஜோடியை வைத்துப் பாருங்கள். முதல் ஜோடியின் ரிசீவருக்குச் சொந்த டிரான்ஸ்மிட்டர் 40 மீட்டரில், இரண்டாம் ஜோடியின் டிரான்ஸ்மிட்டர் 20 மீட்டரில். தூரம் பாதி, நான்காம் அடுக்கில் 16 மடங்கு கெயின். இலக்கு 5 என்றால் முதல் ஜோடி, இரண்டாம் ஜோடியைப் போல் 80 மடங்கு பவராவது வைக்கவேண்டும். இரண்டாம் ஜோடியின் சொந்தத் தூரமும் 40 என்று வைத்துக்கொண்டால், அதன் ரிசீவர் முதல் டிரான்ஸ்மிட்டரிலிருந்து கிட்டத்தட்ட 180 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் அந்த 80 மடங்கைத் தாங்கும். ஆனால் 40, 20, 40 என்று கூட்டினால் அது அதிகபட்சம் 100 மீட்டரில்தான் இருக்க முடியும். இந்த இரண்டு ஜோடியும் ஒரே நேரத்தில் அந்த இலக்கில் பேசவே முடியாது, எந்த அல்காரிதம் வந்தாலும்.

உச்ச வரம்பு போட்டால் அவை வரம்பில் நின்றுகொண்டு, தங்களுக்கும் பயன் இல்லாமல் மற்ற 8 பேருக்கும் இரைச்சல் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒருவரை நிறுத்தி மறுபடி ஓட்டுவது சாண்டர் 1992-இல் சொன்ன வழி. உங்களுக்கு 10 ஜோடிதான், 1024 சேர்க்கைகளையும் ஐகன் மதிப்பு போட்டுப் பார்த்துவிடலாம். எது அதிகம் பேரைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்துவிடும்.

மின்காந்தம்:
அங்கேதான் சொல்கிறேன், யாரை நிறுத்துவது என்று வரும்போது நீங்களும் என் கேள்விக்கே வந்துவிட்டீர்கள். தனி இழை தொடங்கிவிட்டேன், எல்லோரும் அங்கே வாருங்கள்.

இரவுப்பறவை:
அலைவரிசை22, வெள்ளிக்கிழமை எப்படிப் போயிற்று?

அலைவரிசை22:
முடியாத ஓர் அமைப்பில் ஒரு ஜோடியை அணைத்தேன், மீதி 9-உம் ஒரு நிலைக்கு வந்துவிட்டன. கைடு அந்த 1.19-ஐத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். நன்றி எல்லோருக்கும்.