புதுப்பிப்பு: மணி இப்போது திரும்பிப் பார்க்கிறான்

பெயர் சொன்னால் எங்கள் சிப்பிப்பாறை நாய்க்குட்டி மணி காதிலேயே வாங்குவதில்லை என்று இரண்டு வாரம் முன்பு எழுதியிருந்தேன். இப்போது வீட்டுக்குள் பத்துக்கு எட்டு முறை திரும்பிப் பார்க்கிறான்!

தவறு எங்கள் பக்கம்தான். நான் மணி என்பேன், அம்மா செல்லம் என்பார், தம்பி டேய் என்பான். போதாததற்கு, செருப்பைக் கடித்தால் "மணீ!" என்று அதட்டல். பாவம், பெயரே அவனுக்குத் திட்டாகிவிட்டது. இப்போது எல்லோருக்கும் மணிதான்; அதட்ட "வேண்டாம்" மட்டும். ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, முகம் பார்த்த நொடியே நகமளவு வேகவைத்த கோழி. சாப்பாட்டுக்கு முன் மூன்று நிமிடம் போதும். அப்புறம் விட்டுவிடுகிறோம்.

தெருவில் மட்டும் இன்னும் சரியாகவில்லை. ஆட்டைக் கண்டால் எல்லாம் மறந்துவிடுகிறது. அடுத்த வாரம் வாசலில் கயிற்றோடு பழக்கப் போகிறோம்.