ஸ்டெல்த் 27 போட்டும் மாட்டிக்கொண்டேன்

ஈரோடு:

போன ஞாயிறு நடந்தது. மனசு இன்னும் ஆறவில்லை, அதனால் முழுசாகவே எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர், ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை போட்டுக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014 விதிகள். எனக்குத் திருடன் பாத்திரம். ஆட்டம் நடத்தும் அண்ணன் அந்தியூர் ஆடித் திருவிழாவின் மாட்டுச் சந்தையைப் பார்த்து வளர்ந்தவர். அவர் வரைந்த ஊரிலும் பெரிய சந்தை, பக்கத்தில் ஒரு கட்டுத்தறி. கருவூலச் சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டு அங்கே ஓடினேன். இருபது காங்கயம் மாடுகளுக்கு நடுவே சோளத்தட்டுப் போருக்குள் பதுங்கினேன். பதுங்குவதற்கான ஸ்டெல்த் பகடையில் 19, என் பாத்திரத்தின் திறமைக்குக் கூட 8. மொத்தம் 27! பந்தத்தோடு வந்த காவலர்கள் தாண்டிப் போய்விட்டார்கள்.

அப்புறம் அவர்களுடைய மந்திரவாதி வந்தான். செப்புக்காசு ஒன்றை விரலில் உருட்டி ஏதோ முணுமுணுத்தான். டிடெக்ட் தாட்ஸ், அடுத்தவர் நினைப்பைக் கண்டுபிடிக்கும் மந்திரம்.

"தம்பி, கட்டுத்தறிக்குள்ள ஒரு நெனப்பு ஓடுது" என்றார் அண்ணன்.

"அண்ணா, 27ங்க! ஒரு தட்டுகூட அசையலைங்க."

அவர் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். ஸ்டெல்த் ஏமாற்றுவது கண்ணையும் காதையும். இந்த மந்திரமோ 30 அடிக்குள் சிந்தனை இருக்கிறதா என்று தேடுகிறது. ஆட்டத்தில் புத்திக்குத் தரும் எண் 3 அல்லது அதற்குக் கீழே இருந்தால் சிக்காது, மொழி பேசாத உயிரும் சிக்காது. மாட்டுக்குப் புத்தி 2தான். இருபது மாடும் கணக்கில் வரவில்லை. என்னை மறைக்கும் என்று நம்பிய கூட்டத்தில் நான் மட்டும் தனியாகத் தெரிந்திருக்கிறேன்.

மந்திரவாதியின் அடுத்த சுற்று வந்ததும் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. "சரி தம்பி, இப்ப உன்ற ஆளு என்ன நெனைக்கறான்?" மேலோட்டமான நினைப்பைப் படிப்பதைத் தடுக்க நான் பகடை போடவும் வழி கிடையாது. எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பொய் சொல்ல மனசு வரவில்லை. "மடியில இருக்கற சாவிய" என்றேன்.

ஆட்டம் அந்த இடத்தில் நின்றிருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்ததுங்களா?

பொள்ளாச்சி:

நடந்ததுங்க. நான் ஆட்டம் நடத்துபவன், அதனால் அந்தப் பக்கத்தில் நின்று சொல்கிறேன். உங்கள் அண்ணன் செய்தது சரிதான். ஆனால் ஆள் இருக்கிறான் என்று தெரிவது வேறு, எந்த மூலையில் என்று தெரிவது வேறு. இடத்தையும் காட்டிக்கொடுக்கும் என்று விதியில் இல்லை. அதனால் என் மேசையில் காவலர்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும். பதுங்கியவரின் பகடைக்கு அந்த மரியாதையாவது வேண்டும்.

இன்னொன்று, இந்த மந்திரத்தை வாய்விட்டுத்தான் சொல்ல முடியும். காதில் விழுந்ததுமே கிளம்பினால் 30 அடியைத் தாண்டிவிடலாம். எங்கள் மேசையில் ஒரு அம்மிணி கிணற்றுக்குள் இறங்கிவிட்டார். நடுவில் இரண்டடி கனத்துக்குக் கல் இருந்தால் மந்திரம் ஊடுருவாது. மெல்லிய ஈயத் தகடும் போதும். மனசைப் படிக்கவிடாமல் காக்கும் மைண்ட் பிளாங்க் மந்திரம் இருந்தால் 24 மணி நேரம் கவலையில்லை, ஆனால் அது எட்டாம் நிலை மந்திரம். அதுவரை கல்லும் தூரமும்தான் துணை.

ஈரோடு:

இந்த ஞாயிறு தொடர்ந்தோம். உங்கள் பதிலை அண்ணனிடம் காட்டினேன், ஒத்துக்கொண்டார். காவலர்கள் தட்டுப்போரைக் குத்திக் கிளறுவதற்குள் வெளியே பாய்ந்து சந்தைக்குள்ளேயே புகுந்துவிட்டேன். மாட்டுக் கூட்டம் காப்பாற்றவில்லை, மனுசக் கூட்டம் காப்பாற்றியது. அங்கே அறுபது பேர், அறுபது நினைப்பு. மந்திரம் நிற்பது ஒரு நிமிடம், அதாவது பத்துச் சுற்று. சுற்றுக்கு ஒருவரைத்தான் படிக்கலாம், கட்டுத்தறியிலேயே மந்திரவாதி இரண்டு சுற்றைச் செலவழித்திருந்தான்.

அண்ணன் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை எருதுக்குப் பல் பார்ப்பதுபோல் குனிந்து, "எத்தனை பல்லு, என்ன வெலை" என்று மட்டும் நினைப்பதாகச் சொன்னேன். கடைசிச் சுற்றில் அவன் படித்தது வெல்லக்கட்டி விற்கும் ஆத்தாளின் மனசை. அவருக்குப் பொழுதோட மழை வந்துவிடுமே என்ற கவலை.

சாவி இன்னும் என் மடியில்தான் இருக்கிறது.