குறுக்குவழிகளை நீக்கி மூலக் கோப்புகளை வைக்கும் பவர்ஷெல் நிரல் வேறு கோப்புகளை எடுத்துவருகிறது

கேள்வி

வணக்கம். பழைய மாத இதழ் ஒன்றை வருடி, ஆண்டுக்கு ஒரு கோப்புறையாக, ‘பங்குனி’, ‘ஐப்பசி’ என்று தமிழ் மாதப் பெயரிட்ட பிடிஎஃப் கோப்புகளாக வைத்திருக்கிறோம். பொருள்வாரியாகத் தேடுவோருக்காக வேறு கோப்புறைகளில் இவற்றின் குறுக்குவழிகளை (மூலக் கோப்பைச் சுட்டும் சிறு கோப்புகள்) வைத்து, அவற்றுக்கு வெறும் எண்களையே பெயராக இட்டுள்ளோம். பொருள்வாரித் தொகுப்பை வெளி வன்தட்டில் ஏற்றி ஒரு நூலகத்துக்குத் தர வேண்டும். எனவே, டபிள்யூஸ்கிரிப்ட்.ஷெல் என்னும் விண்டோஸ் கருவியின் கிரியேட்ஷார்ட்கட் வழியாக டார்கெட்பாத்தை (குறுக்குவழி சுட்டும் கோப்பின் பாதையை) படித்து, காப்பி-ஐட்டம் கட்டளை கொண்டு நகலெடுத்து, பின்னர் குறுக்குவழியை அழிக்கும் நிரலை விண்டோஸின் கட்டளைமொழியான பவர்ஷெல் 5.1-இல் எழுதி, மாதிரிப் பிரதியில் ஓட்டினேன். பிழைச்செய்தி ஏதும் வரவில்லை. ஆனால் பங்குனி இதழ் இருக்க வேண்டிய இடத்தில் மார்கழி இதழும், ஐப்பசிக்கு உரிய இடத்தில் வைகாசி இதழும் இருக்கின்றன. சித்திரை இதழ் மட்டும் சரியாக வந்துள்ளது. காரணம் புரியவில்லை.

பதில் 1

டார்கெட்பாத்தைத் திரையில் அச்சிட்டுப் பாருங்கள்; தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகளாக இருக்கும். டபிள்யூஸ்கிரிப்ட்.ஷெல் கோப்பின் பாதையைக் கணினியின் ஆன்சி குறிமுறைக்கு (சில மொழிகளின் எழுத்துகளை மட்டும் கொண்ட பழைய முறை) மாற்றித் தருகிறது. விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி குறிமுறைப் பக்கமே கிடையாது, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் மட்டுமே உண்டு. ஆகவே அமைப்புகளில் மொழியைத் தமிழ் என மாற்றினாலும் இது சரியாகாது.

அதைவிடக் கேடு அடுத்த படியில் நிகழ்கிறது. காப்பி-ஐட்டத்துக்குக் கோப்பின் பாதையைத் தரும் பாத் அளபுரு, கேள்விக்குறியை ‘ஏதேனும் ஓர் எழுத்து’ என்று பொருள்கொள்ளும். யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் பங்குனிக்கு 7 கேள்விக்குறிகள் வரும். மார்கழிக்கும் அதே 7 தான். இரண்டு கோப்புகளும் பொருந்துவதால், இரண்டும் ஒரே இலக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டு, கடைசியில் எழுதப்பட்டது எஞ்சுகிறது. ஐப்பசிக்கும் வைகாசிக்கும் 6. சித்திரைக்கு 8, அந்த நீளத்தில் வேறு மாதம் இல்லாததால் அது தப்பியது. ஆடியும் ஆனியும் 3 என்பதால் அவற்றையும் திறந்து பாருங்கள்.

ஷெல்.அப்ளிகேஷன் என்னும் மற்றொரு விண்டோஸ் கருவிக்கு மாறுங்கள். அதன் நேம்ஸ்பேஸுக்குக் கோப்புறையின் முழுப் பாதையைக் கொடுத்து, பார்ஸ்நேமுக்குக் குறுக்குவழியின் பெயரைக் கொடுத்தால், கெட்லிங்க்கின் பாத் பண்பு தமிழ்ப் பெயரைச் சிதைக்காமல் தரும்.

பதில் 2

மேற்சொன்னது சரி. அதனுடன், காப்பி-ஐட்டத்தில் பாத் என்பதற்குப் பதிலாக, பாதையை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொள்ளும் லிட்டரல்பாத் என்று எழுதுவதை விட்டுவிடாதீர்கள். அது முதலிலேயே இருந்திருந்தால் தவறான கோப்பு வருவதற்கு மாறாகப் பிழைச்செய்தி வந்திருக்கும். கோப்புப் பெயரில் சதுர அடைப்புக்குறி இருந்தாலும் அதுவே காக்கும்.

எனக்கு அச்சம் தருவது அழிக்கும் படிதான். காப்பி-ஐட்டம் தோற்றாலும் பவர்ஷெல் இயல்பாக அடுத்த வரிக்குச் சென்றுவிடும்; எரர்ஆக்‌ஷனுக்கு ஸ்டாப் என்று கொடுத்தால்தான் பிழைகளைக் கையாளும் டிரை-கேட்ச் அதைப் பிடிக்கும். நகலெடுத்த பின் மூலம், நகல் இரண்டுக்கும் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளையால் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) எடுத்து, இரண்டும் ஒன்றாயிருந்தால் மட்டும் குறுக்குவழியை அழியுங்கள். இடத்தை மிச்சப்படுத்த எண்ணி மூலத்தை நகர்த்திவிடவும் வேண்டாம். ஒரே இதழுக்கு இரண்டு தலைப்புகளில் குறுக்குவழி இருந்தால் இரண்டாவது வழி எங்கும் போய்ச் சேராது.

கேள்வி கேட்டவர்

ஆடி, ஆனி குறித்துப் பதில் 1-இல் சொன்னது அப்படியே இருந்தது. ஷெல்.அப்ளிகேஷனுக்கு மாற்றிய பின் எல்லா மாதங்களும் சரியாக வருகின்றன. சில குறுக்குவழிகள் முழு ஆண்டுக் கோப்புறையைச் சுட்டுகின்றன. அவை மட்டும் வெற்றுக் கோப்புறைகளாக வருகின்றன.

பதில் 2

டெஸ்ட்-பாத்தில் பாத்டைப் கன்டெய்னர் என்று கொடுத்துக் கோப்புறைகளைப் பிரித்தறிந்து, அவற்றுக்கு மட்டும் காப்பி-ஐட்டத்தில், உள்ளிருப்பவற்றையும் நகலெடுக்கச் சொல்லும் ரிகர்ஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோப்புறைக்கு ஹாஷ் எடுக்க இயலாது என்பதால், உள்ளே இருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பின்னரே அந்தக் குறுக்குவழியை அழிக்க வேண்டும்.