நாய்க்கு மருந்து விட்டும் தெள்ளுப்பூச்சி ஒழியவில்லை. வீட்டில் பூனைகளும் கைக்குழந்தையும் உண்டு, என்ன செய்யலாம்?

மூன்றுவால்:

ஒரு நாய், இரண்டு பூனை, இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கும் பையன், இதுதான் எங்கள் வீடு. நாய் ஓயாமல் வால் அடியையும் இடுப்பையும் கடித்துக்கொண்டே இருந்தது. முடியைப் பிரித்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில், பக்கவாட்டில் நசுங்கினாற்போல ஒரு பூச்சி, பிடிக்கப் போனால் தாவிவிடுகிறது. உண்ணி தாவாது, அதனால் தெள்ளுப்பூச்சிதான் என்று தெரிந்துவிட்டது. ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, சில நாள் விட்டு, கழுத்துக்குப் பின்னால் விடும் சொட்டு மருந்தும் விட்டோம். கொஞ்ச நாள் நிம்மதி. இப்போது மறுபடியும் அதே கதை, கூடவே எங்கள் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புத் தடிப்புகள், இரவில் சொறிந்தே தூக்கம் போகிறது.

கேட்க நினைப்பவை: மருந்து போலியா, இல்லை பூச்சிக்கு அது பழகிவிட்டதா? பூனைகள் வெளியே போவதே இல்லை, சொறிவதும் இல்லை, அவற்றுக்கும் மருந்து தேவையா? தேவையென்றால் நாய்க்கு வாங்கிய குப்பி ஒன்று மிச்சம் இருக்கிறது, அதில் பாதியை விட்டால் போதுமா? எங்கள் தரை வெறும் டைல்ஸ், கம்பளம் எதுவும் இல்லை, அப்புறம் இவை எங்கேதான் ஒளிகின்றன? நாய்க்கு மொட்டை அடித்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். குழந்தை இருக்கிற வீட்டில் ஸ்பிரே அடிக்கப் பயமாக இருக்கிறது.

ஜன்னல்பூனை:

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்தக் குப்பியைக் கீழே வையுங்கள். நாய்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாயின் உடல் அதைத் தாங்கிக்கொள்ளும், பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. பாதி விட்டேன், கால்வாசி விட்டேன் என்பதெல்லாம் கணக்கிலேயே வராது, கொஞ்சமே போதும்: உடல் நடுங்கும், எச்சில் ஒழுகும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். ஏற்கெனவே நாய்க்கு விட்டதில் என்ன இருக்கிறது என்று அட்டையைப் பாருங்கள். பெர்மெத்ரின் என்றால் மருந்து விட்ட இடம் நன்றாகக் காயும்வரை பூனைகள் நாயை நக்காமல், அதன்மேல் சாய்ந்து தூங்காமல் பிரித்து வையுங்கள். பூனைக்கு அப்படி ஏதாவது பட்டு நடுக்கம் தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம், உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பூனைகள் சொறியவில்லை என்பதற்கு அவற்றிடம் பூச்சி இல்லை என்று அர்த்தம் இல்லை. பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி, மேலே ஏறுகிற பூச்சியில் பாதியை அதுவே விழுங்கிவிடும், உங்கள் கண்ணில் படாது. பேன்சீப்பு ஒன்றை எடுத்துக் கழுத்திலும் வால் அடியிலும் வாரிப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியது போலக் கறுப்புத் துகள் வந்தால் அதை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கறை பரவினால் அது மண் இல்லை, தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த ரத்தம்.

வீட்டில் உள்ள மூன்றுக்கும் ஒரே நாளில், அதனதன் இனத்துக்கும் எடைக்கும் உரிய மருந்து. இதில் பேரமே கிடையாது. பூனையிலும் நாயிலும் பெரும்பாலும் ஏறுவது ஒரே இனம்தான், பெயர் பூனைத் தெள்ளுப்பூச்சி என்றாலும் நாயை விட்டுவைக்காது. ஒன்றை விட்டுவிட்டால் அதுவே மற்றவற்றுக்குப் பூச்சிப் பண்ணை.

துடைப்பம்:

ஜன்னல்பூனை பிராணிப் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் வீட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் சண்டை உண்மையில் அங்கேதான் நடக்கிறது. நாயின் மேல் நீங்கள் பார்க்கிற வளர்ந்த பூச்சிகள் மொத்தத்தில் 5 சதவீதம் அளவுதான் என்று சொல்வார்கள். மீதி எல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டுக்குள் கிடக்கிறது. ஒரு பெண் பூச்சி ரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிட ஆரம்பிக்கும், நன்றாகப் பெருகும் காலத்தில் ஒரு நாளைக்கு 40, 50 வரை. அந்த முட்டை பேன் முட்டையைப் போல முடியில் ஒட்டிக்கொண்டிருக்காது, வழுக்கி உதிர்ந்துவிடும். நாய் எங்கெல்லாம் படுக்கிறதோ, உடம்பை உதறுகிறதோ, பூனை எந்த மேசையிலிருந்து குதிக்கிறதோ, அங்கெல்லாம் விதைத்தாயிற்று. பொரித்து வரும் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, கீழே கீழே போய் ஒளிந்துகொண்டு, உதிர்ந்து கிடக்கும் அந்த ரத்தத் துகளைத் தின்று வளரும். டைல்ஸ் தரை நல்லதுதான், ஆனால் டைல்ஸ் இடுக்கு, சுவரோரம், சோபா மெத்தைக்கு அடியில் இருக்கும் மடிப்பு, கட்டிலுக்கு அடியில் சேரும் முடிப்பந்து, மிதியடி, இதெல்லாம் போதும் அதற்கு.

அடுத்ததுதான் எல்லோரையும் ஏமாற்றுகிற கட்டம். புழு பட்டு போல ஒரு கூட்டைக் கட்டிக்கொள்ளும், அது பிசுபிசுவென்று இருப்பதால் தூசி ஒட்டிக் கண்ணுக்கே தெரியாது. இந்தக் கூட்டுக்குள் பூச்சிக்கொல்லி ஒழுங்காகப் போகாது, நீங்கள் என்ன அடித்தாலும் சரி. சூடும் ஈரமும் இருந்தால் ஓரிரு வாரத்தில் வெளியே வரும், இல்லையென்றால் மாதக்கணக்கில் உள்ளேயே காத்திருக்கும். அதிர்வு, உடற்சூடு, நாம் விடுகிற மூச்சு, இவை பட்டால் சட்டென்று வெளியே வந்து குதிக்கும். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் நுழைந்ததும் காலைக் கடிப்பது இதனால்தான்.

ஆகவே உங்கள் மருந்து போலி என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். நாயின் மேலிருந்தவை செத்திருக்கும், கூட்டிலிருந்து புதிதாக வந்தவை ஏறியிருக்கும். இது வாரக்கணக்கில் தொடரும். இந்த இடைவெளியில்தான் ஆட்கள் நொந்துபோய் மருந்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பிராணியைப் படுத்துகிறார்கள். நாயின் மேல் மருந்து வேலை செய்துகொண்டிருந்தால் புதிதாக ஏறுவதும் சாகும், முட்டை போடுவது குறையும், ஒரு கட்டத்தில் வருகிற வரத்து நின்றுவிடும். மூன்று மாதமாவது விடாமல் தொடர வேண்டும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: வாக்குவம் கிளீனர் இருந்தால் ஆரம்பத்தில் தினமும் போடுங்கள். சோபாவின் மெத்தையைத் தூக்கி, இடுக்குக் குழாயை மாட்டி, சுவரோரமெல்லாம். அது உறிஞ்சுவதோடு அதன் அதிர்வில் கூட்டுப்புழுக்களும் வெளியே வரும், வந்தால் மருந்தில் மாட்டும். பையை எரிக்கணும், உறைய வைக்கணும் என்று பயமுறுத்துவார்கள். ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்து 2007இல் வெளியிட்டார்கள், வாக்குவத்தில் போன வளர்ந்த பூச்சிகளில் 96 சதவீதம் செத்துப்போனது, இளம் பருவத்தில் இருந்தவை முழுக்கச் செத்தன. குப்பையைக் கட்டி வெளியே போட்டால் போதும். பிராணிகள் படுக்கும் துணி, உங்கள் போர்வை, சோபா உறை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை வெந்நீரில், துணி தாங்கினால் 60 டிகிரியில், துவையுங்கள். எடுத்துப் போகும்போது உதறாமல் சுருட்டி எடுங்கள், இல்லையென்றால் முட்டையை வீடு முழுக்கத் தூவிக்கொண்டே போவீர்கள்.

மொட்டை அடிப்பதால் பயன் இல்லை. தோலும் ரத்தமும் அங்கேயேதானே இருக்கின்றன.

பழையகம்பளி:

இவ்வளவு ரசாயனம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் தினமும் சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் முக்கி, தரையில் உப்பைத் தூவி, கொஞ்சம் பூண்டு கொடுத்து, டீ ட்ரீ எண்ணெயைத் தண்ணீரில் கலந்து தெளித்தே சரியாகிவிட்டது. இரவில் விளக்குக்கு அடியில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், காலையில் பூச்சி மிதக்கும்.

ஜன்னல்பூனை:

சீப்பும் சோப்புத் தண்ணீரும் அருமையான யோசனை, சோப்பு கலந்தால்தான் பூச்சி மூழ்கும், வெறும் தண்ணீரில் தப்பிவிடும். பூண்டும் டீ ட்ரீ எண்ணெயும் கூடவே கூடாது. பூண்டு பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகை உண்டாக்கும், நாய்க்கும் அது நல்லதில்லை. டீ ட்ரீ எண்ணெயைப் பூனை நக்கினாலோ தோலில் பட்டாலோ விஷம். இயற்கை என்று எழுதியிருந்தால் பூனைக்கு ஆகும் என்று யார் சொன்னது, எனக்கு இந்த விஷயத்தில் மட்டும் கோபம் வந்துவிடும், மன்னிக்கவும். விளக்கு வைத்த தட்டு ஒழிக்காது, ஆனால் வாரத்துக்கு வாரம் எண்ணிக்கை குறைகிறதா என்று பார்க்க அது நல்ல வழி, அதற்காகவே வைக்கலாம்.

மூன்றுவால்:

எல்லோருக்கும் நன்றி. அட்டையைப் பார்த்தேன், பெர்மெத்ரின் இருக்கிறது, நல்லவேளை கேட்டேன். சீப்பில் இரண்டு பூனைகளிலும் கறுப்புத் துகள் வந்தது, ஈரத் துணியில் சிவப்பாகவே பரவியது. இன்னொன்று, ஒரு பூனையின் வாலுக்குக் கீழே காய்ந்த அரிசி போல வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, இதுவும் பூச்சி முட்டையா? பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிடலாமா, இல்லை அறையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிற அந்தப் புகைமருந்து போதுமா?

ஈரமூக்கு:

கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறேன், இந்தக் கேள்வி அடிக்கடி வரும். அந்த அரிசி முட்டை இல்லை, நாடாப்புழுவின் துண்டுகள். தெள்ளுப்பூச்சியின் புழு நாடாப்புழு முட்டையைத் தின்னும், அது வளர்ந்து பூச்சியாகும்போது உள்ளே நாடாப்புழுவின் இளம் பருவமும் இருக்கும், பூனை நக்கும்போது அந்தப் பூச்சியை விழுங்கினால் வயிற்றுக்குப் போய்விடும். பிராசிகுவான்டெல் உள்ள மாத்திரையோ ஊசியோ கொடுத்தால் சரியாகும், எல்லாவற்றையும் எடை போட்டு மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். பூச்சி ஒழியாமல் புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் திரும்பவும் வரும். தவழும் குழந்தை தரையில் கிடக்கும் பூச்சியை வாயில் போட்டுவிட்டால் அதற்கும் இந்த நாடாப்புழு வரலாம், அபூர்வம்தான், ஆனாலும் பையன் தவழும் இடத்தை முதலில் துடையுங்கள்.

மருந்து பற்றி: சொட்டு மருந்தில் சிலவற்றுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது, தோலின் எண்ணெயில்தான் அது பரவும். விட்ட முதல் நாளில் பூச்சி அதிகமாகத் தெரிந்தால் பதற வேண்டாம், சாகப்போவது மேலே வந்து தடுமாறும். மாத்திரையாகக் கொடுக்கும் ஃப்ளூராலனர், அஃபாக்சோலனர் வகைகள் நன்றாக வேலை செய்கின்றன. அவை நடுக்கம், வலிப்பு உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் எச்சரித்தது, அதனால் பிராணிக்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதைப் படிக்கிற யாராவது முயல் வளர்த்தால், சில சொட்டு மருந்துகளில் இருக்கும் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி முயலுக்கு ஆகாது. குட்டிகளுக்கு வயது வரம்பு உண்டு, அது தெரியாமல் எதையும் விடாதீர்கள். சிறு குட்டியின் ஈறு வெளுத்துத் தளர்ந்து கிடந்தால் பூச்சியே ரத்தத்தை உறிஞ்சிச் சோகை ஆக்கியிருக்கும், அது அவசர நிலை.

அந்தப் புகைமருந்தை நான் சொல்ல மாட்டேன். அது மேலே எழும்பி மேசையிலும் படுக்கையிலும் படியும், சோபாவுக்கு அடியில், புழு இருக்கிற இடத்துக்குப் போகாது. கையால் அடிக்கிற ஸ்பிரே மேல், அதிலும் மெத்தோபிரீன் அல்லது பைரிபிராக்சிஃபென் சேர்ந்ததாகப் பாருங்கள், இவை முட்டையும் புழுவும் பூச்சியாக வளரவிடாமல் தடுப்பவை. அடிக்கும்போது குழந்தையும் பிராணிகளும் வேறு இடத்தில் இருக்கட்டும், நன்றாகக் காய்ந்து காற்றோட்டம் வந்தபின் உள்ளே விடுங்கள், விளம்பரத்தில் சொல்வதை நம்பாமல் குப்பியில் எழுதியிருக்கிற நேரத்தைப் பின்பற்றுங்கள். ஆட்களைக் கூப்பிட்டால் பூனை இருக்கிறது, குழந்தை தவழ்கிறது, மீன் தொட்டி இருந்தால் அதையும், முதலிலேயே சொல்லிவிடுங்கள். மீனுக்கு இந்த வகை மருந்து மிகச் சிறிய அளவிலேயே ஆபத்து, தொட்டியை மூடிக் காற்றுப் பம்பை நிறுத்த வேண்டியிருக்கும்.

மூன்றுவால்:

மீன் தொட்டி இல்லை. நாளை மூன்றையும் எடை பார்க்கத் தூக்கிப் போகிறேன், இன்றைக்கு சோபாவைக் கவிழ்க்கிறேன். கேள்வி ஒன்று பாக்கி: நாய் மதியம் முழுக்க வாசலில் ஒரு நிழல் மண்ணில் படுக்கும், அங்கேயும் ஏதாவது செய்யணுமா?

துடைப்பம்:

ஆமாம். நிழலும் ஈரமும் உள்ள மண்தான் புழுவுக்குப் பிடித்த இடம், நேர் வெயிலில் அது காய்ந்து சாகும். சருகைப் பெருக்கி, வெயில் படும்படி செடிகளை வெட்டி, கொஞ்ச நாளுக்கு நாயை அங்கே படுக்க விடாதீர்கள். தெருப்பூனை எதுவும் அங்கே வந்து படுக்கிறதா என்றும் ஒரு கண் வையுங்கள்.