லோ குழுவின் 'டபுள் நெகட்டிவ்': குரல் ஏன் அமுங்கி அமுங்கி வருகிறது?

கோத்தகிரிக்காரன்:
அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் 1993-ல் தொடங்கிய இசைக்குழு லோ. ஒரு கிடார், ஒரு பேஸ் கிடார், நின்றுகொண்டே தட்டும் இரண்டு டிரம், ஒரு சிம்பல், இவ்வளவுதான் சரக்கு, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். 2018-ல் வந்த இந்த ஆல்பத்தைப் போட்டால் ஒரே இரைச்சல், குரல் உள்ளே போய்ப் போய் வருகிறது, தகரக் கூரையில் மழை கொட்டும்போது எது மழை எது பாட்டு என்றே தெரியவில்லை. ஏன் இப்படி?

குன்னூர் பேஸ்:
தயாரிப்பாளர் பி.ஜே. பர்ட்டனோடு 2015-லேயே, ஒன்ஸ் அண்ட் சிக்ஸஸ் ஆல்பத்தில் சேர்ந்துவிட்டார்கள், இது திடீர் மாற்றம் இல்லை நண்பா. அந்த அமுங்கலுக்குப் பெயர் சைட்செயின் கம்ப்ரஷன். அடித்தாளம் விழும்போதெல்லாம் மற்ற சத்தம் தானாகக் குறையும், பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் நம் பல்பு மங்குமே, அப்படி. நடன இசைக்காரர்கள் ஆட்டத்துக்காகச் செய்வதை இவர்கள் மெதுவான பாட்டில், குரல் மேலேயே போட்டு நசுக்கியிருக்கிறார்கள். இந்த ஆல்பத்திலும் சிக்கனம்தான். ஹெட்போனில் கேளுங்கள்.

கொடை மூடுபனி:
எனக்கு ஒட்டவே இல்லை. ஆலன் ஸ்பார்ஹாக்கும் மிமி பார்க்கரும், கணவன் மனைவி, சேர்ந்து பாடுவதைக் கேட்கத்தானே வருகிறோம், அதையே மூடினால் எப்படி?

குன்னூர் பேஸ்:
அப்படியென்றால் 2021-ன் ஹே வாட் உங்களுக்கு. அதே தயாரிப்பாளர், ஆனால் குரல் இரண்டும் சுத்தமாக மேலே நிற்கும், கிடார்தான் கிழியும். மிமி 2022-ல் இறந்துவிட்டார், அதுதான் லோவின் கடைசி ஆல்பம்.

கோத்தகிரிக்காரன்:
சரி, அப்போ ஹே வாட்டிலிருந்து பின்னோக்கி வருகிறேன்.