பக்கத்தில் இயங்கும் சின்னத் தொண்டு அமைப்புகளை எப்படித் தேடுவது?

கேள்வி:
வணக்கம். இந்தப் பகுதிக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அம்மா பயன்படுத்திய சக்கர நாற்காலி நல்ல நிலையில் இருக்கிறது, தேவைப்படுபவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வார இறுதியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரவும் ஆசை. கூகுளில் தேடினால் பெரிய அமைப்புகளின் நன்கொடைப் பக்கங்கள்தான் வந்து நிற்கின்றன. அக்கம்பக்கத்தில் வேலை செய்பவர்களை எப்படிப் பிடிப்பது? நம்பலாமா என்று எதை வைத்துச் சொல்வது?

பதில் 1:
எந்த நாடு என்று சொல்லவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். முதலில் அரசுப் பதிவேடு. இந்தியாவில் நிதி ஆயோக்கின் 'என்ஜிஓ தர்பன்' தளத்தில் மாநிலம், துறை வாரியாகத் தேடலாம். தொண்டு அமைப்புகளைப் பதிந்து கண்காணிக்கும் ஆணையங்களின் தளங்களும் உண்டு: இங்கிலாந்து, வேல்ஸுக்குச் சாரிட்டி கமிஷன், ஆஸ்திரேலியாவுக்கு ஏசிஎன்சி. அமெரிக்கா என்றால் வரித்துறையான ஐஆர்எஸ் தளத்தில் ஊர்ப் பெயர் கொடுத்தே தேடலாம். தர்பனில் எண் இருப்பதை மட்டும் அரசின் நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள், விவரங்களை அமைப்புகளே கொடுத்துப் பதிகின்றன. இந்தியாவில் நன்கொடைக்கு வரிச்சலுகை வேண்டுமானால், அதற்கான வருமானவரித் துறை அனுமதி (80ஜி என்று சொல்வார்கள்) அமைப்புக்கு இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

பதில் 2:
பதிவேட்டைவிட ஆட்களிடம் கேட்பதுதான் எனக்குப் பலன் தந்திருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணியாளர் இருப்பார். வீடு திரும்பும் நோயாளிக்கு நாற்காலி யார் தருவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. பிசியோதெரபி பிரிவிலும் கேட்கலாம். சொல்லித்தருவதற்குப் பள்ளித் தலைமையாசிரியர், நூலகர். "இங்கே நல்ல அமைப்பு எது?" என்று கேட்டால் பிரபலமான பெயர்தான் வரும். "உதவி தேடி வருகிறவர்களை நீங்கள் எங்கே அனுப்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். அமெரிக்கா, கனடாவில் பெரும்பாலான இடங்களில் 211 என்ற எண்ணை அழைத்தாலே உள்ளூர் உதவி அமைப்புகளைச் சொல்வார்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. பிசியோதெரபி பிரிவில், சக்கர நாற்காலிகளை இரவல் தரும் ஒரு குழுவைச் சொன்னார்கள். ஆனால் பதிவேட்டில் அந்தப் பெயரே இல்லை. விட்டுவிடவா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள். கூப்பிடும் பெயர் ஒன்று, பதிவில் உள்ள அறக்கட்டளையின் பெயர் வேறு என்பது சகஜம். பதிவு எண்ணைக் கேட்டு அதை வைத்துத் தேடுங்கள். மிகச் சின்னக் குழுவாகவும் இருக்கலாம்; இங்கிலாந்து, வேல்ஸில் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டுக்குக் கீழே என்றால் பொதுவாகப் பதிவே கட்டாயமில்லை. மாறாக, பதிவேட்டில் இருந்தும் செயல்படாதவையும் உண்டு. அதனால் கடைசியாக எந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் தொடர்ந்து 3 ஆண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் வரிவிலக்குத் தகுதி தானாகவே போய்விடும்.

பதில் 2:
நாற்காலிக்கு இவ்வளவு விசாரணை வேண்டாம், நேரில் போய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிள்ளைகள் விஷயம் வேறு. அடையாளச் சான்று, பரிந்துரை, காவல்துறைச் சரிபார்ப்பு என்று அவர்கள் உங்களைக் குடைந்தெடுத்தால் சந்தோஷப்படுங்கள். எதுவுமே கேட்காமல் முதல் நாளே பிள்ளைகளோடு தனியாக விடுகிற இடத்துக்குப் போகாதீர்கள்.

கேட்டவர்:
பேசிவிட்டேன். ஓர் அறக்கட்டளையின் கீழ் இயங்குகிறார்கள், அந்தப் பெயரில் பதிவு இருக்கிறது, கணக்கும் தாக்கலாகியிருக்கிறது. இருக்கையின் அகலம் எவ்வளவு, பிரேக் இரண்டு பக்கமும் பிடிக்கிறதா, கால்தாங்கி கழலுமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்களாம். அப்புறம், வகுப்பு எடுக்க இன்னோர் அமைப்பில் விண்ணப்பம் வாங்கியிருக்கிறேன். இரண்டு பேரின் பரிந்துரை கேட்டிருக்கிறார்கள்.