கார்கிவ் மேயர் கெர்னெஸை நான் பார்த்த நாள்

மருத்துவம் படிப்பதற்காக 2014 செப்டம்பர் இறுதியில் நான் உக்ரைனின் கார்கிவ் நகருக்குச் சென்று சேர்ந்தபோது, சுதந்திரச் சதுக்கத்தின் லெனின் சிலையைக் கூட்டம் சாய்த்திருந்தது. அதை மீண்டும் நிறுவப் போவதாக மேயர் ஹென்னாடி கெர்னெஸ் அறிவித்திருப்பதாக விடுதியின் மூத்த மாணவர்கள் சொன்னார்கள். அவர் பெயரை நான் கேட்டது அப்போதுதான். சிலை பிறகு எழவே இல்லை.

அதே ஊரில் 1959இல் பிறந்து, நகர மன்றச் செயலாளராக இருந்து, 2010இல் மேயரானவர் அவர். 2014 ஏப்ரல் 28 அன்று முதுகில் சுடப்பட்டு, இஸ்ரேலில் சிகிச்சை பெற்று, இரண்டு மாதங்களுக்குள் ஊர் திரும்பி, சக்கர நாற்காலியில் இருந்தபடியே நகரத்தை நிர்வகித்தார்.

மூன்றாம் ஆண்டு விடுமுறைக்கு நான் ஊருக்கு வரவில்லை. ஆகஸ்ட் 23, நகர நாள் விழாவில், கூட்டத்துக்கு அப்பால் அவரைத் தொலைவிலிருந்து கண்டேன். தண்டுவடக் காயங்களைப் பற்றி அப்போதுதான் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதற்கு உடல் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பது புரிந்தது; என்னைச் சுற்றி நின்றவர்களோ நாற்காலியைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் பாட்டி அவருக்குத்தான் வாக்களித்து வந்தார். மக்கள் போராட்டத்தால் 2014இல் பதவியிழந்த உக்ரைன் அதிபர் யானுகோவிச்சின் கட்சியில் கெர்னெஸ் இருந்தவர் என்பது பாட்டிக்கு உறுத்தலாகவே இருந்தது. ஆனாலும் 2012இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட கார்க்கி பூங்காவுக்கு என்னை அழைத்துச் சென்று, மலர்ப் பாத்திகளையும் பெரிய ராட்டினத்தையும் காட்டி, இதற்குத்தான் வாக்கு என்றார். பக்கத்து வீட்டுக்காரரோ அவர் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். யானுகோவிச்சுக்கு எதிரான அந்த ‘மைதான்’ போராட்டத்தில் இருந்தவர்களைக் கடத்தித் துன்புறுத்தியதாக மேயர் மீது பொல்தாவா நகர நீதிமன்றத்தில் நடந்த வழக்கு 2018இல் தீர்ப்பின்றி முடிக்கப்பட்டதை அவரால் ஏற்க முடியவில்லை. அந்த வருத்தம் நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன்.

நான் படிப்பை முடித்துத் திரும்பிய 2020இல், கொரோனா தொற்றுக்குள்ளான கெர்னெஸ் பெர்லின் மருத்துவமனையில் இருந்தார். யார் கண்ணிலும் படாமலேயே அக்டோபர் தேர்தலில் மீண்டும் வென்று, டிசம்பரில், 61 வயதில், அங்கேயே காலமானார். செய்தியறிந்து பாட்டியை அழைத்து, நோயாளி என்று தெரிந்துமா வாக்களித்தீர்கள் என்று கேட்டேன். தெரிந்துதான் போட்டேன், வந்துவிடுவார் என்று நினைத்தேன் என்றார்.